விமானப் பயண நேரத்தை நீங்களே கணக்கிடலாம்

தட்டையான உலகப் படத்தில் அளவுகோலை வைத்து விமானத் தூரத்தை அளக்காதீர்கள். துருவத்தை நெருங்க நெருங்க அது நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். நான் நம்புவது உலக உருண்டையையும் ஒரு நூலையும்தான். நூலின் ஒரு முனையை லண்டன் மீது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை விறைப்பாக இழுத்துப் பாருங்கள். நூல் அயர்லாந்தின் மேலாகப் போய், நியூஃபவுண்ட்லாந்து வழியாகத் தெற்கே இறங்கும். விமானம் தேடுவதும் ஏறத்தாழ இந்த வழியைத்தான்.

பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. உங்கள் உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால், அதன் சுற்றளவு 94 செ.மீ. ஆகவே ஒரு சென்டிமீட்டர் நூலுக்கு 425 கி.மீ. லண்டன்–நியூயார்க் நூல் 13 செ.மீ. வரும், பெருக்கினால் 5,525 கி.மீ. உண்மைத் தூரம் ஏறக்குறைய 5,540. ஒரு நூலுக்கு இவ்வளவு துல்லியம் போதாதா!

இனி நேரம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாக நடப்பவை. அதனால் தூரத்தை 850ஆல் வகுத்து ஒரு மணி நேரம் கூட்டுகிறேன். 5,540 கி.மீ.க்கு ஏழரை மணி வரும். அந்த வழித்தடத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் பலமானது. எனவே லண்டனுக்குப் போகும்போது அரை மணி குறைத்துக்கொள்ளுங்கள், நியூயார்க்குக்குப் போகும்போது அரை மணி கூட்டுங்கள்.

நூல் காட்டும் வழி எப்போதும் திறந்திருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணியில் முடிந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது.

பலரைக் குழப்புவது டிக்கெட்டில் உள்ள கடிகாரம். புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, சேரும் நேரம் சேரும் ஊருடையது. குளிர்காலத்தில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி, லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதி காலை 10 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் அச்சுப்பிழை என்று பதற வேண்டாம். இரண்டையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றுங்கள். டோக்கியோ 9 மணி முன்னே, ஆகவே புறப்பாடு காலை 8. லாஸ் ஏஞ்சலஸ் 8 மணி பின்னே, ஆகவே சேர்வது மாலை 6. பயணம் பத்து மணி நேரம். கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள். அப்போது 7 மணி பின்னே என்று கொள்ளுங்கள்.

வழியில் விமானம் மாறுவதாக இருந்தால் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கணக்கிட்டு, காத்திருப்பைச் சேருங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும். நான்கு மணிக்குக் குறைவான இடைவெளியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அழைத்துப் போக வருபவரிடம், இறங்கும் நேரத்தை அவருடைய ஊர்க் கடிகாரப்படி, தேதியோடு எழுதி அனுப்பிவிடுங்கள்.