டர்பனில் மருத்துவச்சியோடு பிள்ளை பெறுவதற்கு

என் மூத்தவன் நாகர்கோவிலில் பிறந்தான். இளையவள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், மருத்துவச்சி கையில் பிறந்தாள். இரண்டுமே சுகப்பிரசவம்தான். முதல் தடவை என்ன நடக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை ஐந்து மாதம் கேட்டுக் கேட்டுத் தயாரானேன். அந்த வித்தியாசம் வலி வந்த ராத்திரியில்தான் எனக்குப் புரிந்தது. கணவர் வேலைக்காக இங்கே வந்து, அம்மா பக்கத்தில் இல்லாமல் மாசமாக இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் அடிக்கடி என்னிடம் விசாரிக்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் மருத்துவச்சி என்பது புதுமையான விஷயம் இல்லை. அரசு கிளினிக்குகளிலும் அவற்றோடு இருக்கும் பிரசவ நிலையங்களிலும் சிக்கல் இல்லாத பிரசவங்களைப் பார்ப்பது மருத்துவச்சிகள்தான். தேவை வந்தால்தான் டாக்டரிடம் அனுப்புவார்கள். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாத கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் 1994 முதல் சிகிச்சை இலவசம். தனியாரில் நிலைமை தலைகீழ். மெடிக்கல் எய்ட் கணக்கில் நடக்கும் பிரசவங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று அறுவை சிகிச்சை. நான் முதலில் போன தனியார் டாக்டர் 20ஆவது வார ஸ்கேனைப் பார்த்த கையோடு காலண்டரைத் திருப்பி, எந்தத் தேதி வசதி என்று கேட்டார். ஏன் ஆபரேஷன் என்று கேட்டேன். சரியான பதில் வரவில்லை. அறுவை சிகிச்சை உயிரைக் காக்கிற விஷயம், எனக்குத் தேவைப்பட்டிருந்தால் சந்தோஷமாகச் செய்துகொண்டிருப்பேன். காரணமே சொல்லாமல் தேதி கேட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த வாரமே தனியாகத் தொழில் செய்யும் மருத்துவச்சி ஒருவரைத் தேடிப் போனேன். 22 வாரம் ஆகியிருந்தது. நீங்கள் அவ்வளவு தாமதிக்க வேண்டாம், நாள் தள்ளிப்போன உடனே தேடத் தொடங்குங்கள்.

எனக்குக் கிடைத்தவர் ஒரு ஜூலு இனத்து அம்மா. இங்கே நர்ஸையும் மருத்துவச்சியையும் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜூலுவில் மருத்துவச்சிக்கு உம்பெலெத்திசி என்று பெயர். முதலில் பார்க்க வேண்டியது, அவர் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவரா, இந்த வருடத்துக்கான சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்பது. கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம், கேட்டால் நல்ல மருத்துவச்சி கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம் இதையெல்லாம் கேளுங்கள். உங்களுக்குத் துணையாக நிற்கும் டாக்டர் யார்? எந்த மருத்துவமனை? எனக்கு வலி வரும் நேரம் நீங்கள் இன்னொரு பிரசவத்தில் இருந்தால் யார் வருவார்? ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் ஊசி, ஆக்ஸிஜன், மூச்சு விடாத குழந்தைக்குக் காற்று கொடுக்கும் பையும் முகமூடியும் கையில் இருக்குமா?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இது: எந்த நிலைமை வந்தால் என்னை உங்கள் கையை விட்டு டாக்டரிடம் அனுப்புவீர்கள்? இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்பவரிடம்தான் நான் என் உடம்பை ஒப்படைப்பேன். சிஸ்டர் ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்து விரலால் காட்டி வாசித்தார். இரட்டைக் குழந்தை. தலை கீழே திரும்பாத குழந்தை. கருப்பை வாயை மறைத்துக் கிடக்கும் நஞ்சு, அதாவது பிளசென்டா. 140க்கு 90ஐத் தொடும் ரத்த அழுத்தம். இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை. முன்பு ஆபரேஷன் நடந்த வயிறு. கடுமையான ரத்தச்சோகை. 37 வாரத்துக்கு முன் வலி வந்தால், பச்சையாகப் பனிக்குட நீர் போனால், குழந்தையின் துடிப்பு மாறினால். இதில் ஒன்று இருந்தாலும் நானும் உன்னோடு மருத்துவமனைக்கு வருவேன், ஆனால் பிரசவம் பார்ப்பது டாக்டர் என்றார். எனக்கு அன்றைக்குத்தான் பயம் தெளிந்தது. வீட்டிலேயே பெற வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், மருத்துவமனைக்குக் காரில் எத்தனை நிமிடம் என்பதை மழை நாளிலும் மாலை நெரிசலிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாங்கள் வீடு வேண்டாம் என்று, மருத்துவமனையோடு ஒட்டிய மருத்துவச்சி பிரிவைத் தேர்ந்தெடுத்தோம்.

பரிசோதனைக்கு இங்கே குறைந்தது எட்டு தடவை போக வேண்டும். முதல் தடவை 14 வாரத்துக்குள், அப்புறம் 20, 26, 30, 34, 36, 38, 40. ரத்தத்தில் ஹீமோகுளோபின், ரத்தப் பிரிவு, சிபிலிஸ், எச்ஐவி எல்லாம் பார்ப்பார்கள். எச்ஐவி சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள், என்னைச் சந்தேகப்படுகிறார்களோ என்று நினைக்க வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு வேலை செய்யாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் பற்றி மறக்காமல் கேளுங்கள். எல்லாவற்றையும் எழுதும் மகப்பேறு அட்டை உங்கள் கையில்தான் இருக்கும். எங்கே போனாலும் கைப்பையில் அது இருக்கட்டும்.

சிஸ்டர் சோதிக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். தையல்காரர் நாடா போன்ற ஒன்றை அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை வைத்து அளப்பார். 20 வாரத்துக்கு மேல் எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர். எனக்கு 28ஆவது வாரத்தில் 28 வந்தது. பிறகு இரண்டு கையாலும் மெதுவாக அழுத்தி, இது முதுகு, இது பிட்டம், இது தலை என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவார். கடைசியில் ஊதுகுழல் மாதிரி ஒரு மரக் குழாயை வயிற்றில் ஊன்றி, காதை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுவார். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி. அந்த ஒரு நிமிடம் அறையில் யாரும் பேச மாட்டோம்.

சாப்பாட்டில் நம் வீட்டுச் சமையலே போதும். பருப்பு, கீரை, முட்டை, மீன். இங்கே மதும்பி என்று விற்பது நம் சேப்பங்கிழங்குதான், புளி விட்டு வைத்தால் ஊர் நினைவு வரும். இரும்பு மாத்திரையை டீயோடு போட வேண்டாம், சத்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதே நேரத்தில் போடாதீர்கள். டீ இல்லாமல் இருக்க முடியாது என்றால் ரூய்போஸ் குடியுங்கள், அதில் கஃபைன் கிடையாது. நான் தினமும் அரை மணி நேரம் நடந்தேன், சுவரைப் பிடித்துக் குந்தி எழுந்தேன். 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து தூங்காமல் ஒருக்களித்துப் படுத்தேன்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிக்காதீர்கள். ஜூலு குடும்பங்களில் கடைசி மாதங்களில் இசிஹ்லம்பெசோ என்று ஒரு மூலிகைத் தண்ணீர் குடிப்பதுண்டு. பக்கத்து வீட்டு அக்கா அன்பாகக் கொண்டுவந்து கொடுப்பார். கருப்பையைக் கட்டுப்பாடு இல்லாமல் இறுக்கும் மூலிகையும் அதில் இருக்கலாம். நன்றி சொல்லி வாங்கி வைத்துவிட்டு மருத்துவச்சியிடம் காட்டுங்கள்.

36 வாரத்தில் நானும் கணவரும் சிஸ்டரோடு உட்கார்ந்து பிரசவத் திட்டம் எழுதினோம். என்னோடு யார் இருப்பார்கள், படுத்துத்தான் பெற வேண்டுமா, வலிக்குத் தொட்டித் தண்ணீரா, மூச்சில் இழுக்கும் கேஸா, மாற்ற வேண்டி வந்தால் எந்த வண்டி. நான் செய்த இன்னொரு காரியம், ஒரு தாளில் வலி, தண்ணி, போதும், முதுகைத் தேய் என்று தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தது. கடும் வலியில் எனக்கு இங்கிலீஷ் வராது என்று மூத்தவன் பிறந்தபோதே தெரியும். சிஸ்டர் அதைத் தன் கோப்பில் ஒட்டி வைத்துக்கொண்டார். நீங்களும் கட்டாயம் செய்யுங்கள்.

காவடி முடிந்த மறுவாரம், ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு இடுப்பு பிடித்தது. பொய்வலி தாறுமாறாக வரும், நடந்தால் அடங்கிவிடும். உண்மையான வலி நடந்தாலும் விடாது, முதுகிலிருந்து முன்னால் சுற்றி வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். முதல் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பச் சொல்வார்கள். இரண்டாவது வேகமாக வரும், ஏழு நிமிடத்துக்கு வந்ததுமே கூப்பிடு என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ரத்தம் போனாலும், தாங்க முடியாத தலைவலியோ கண் மங்கலோ வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது, அப்போதே கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியில் 112. இரண்டு மணிக்குக் கிளம்பும்போது அம்மாவுக்குப் போன் போட்டேன், ஊரில் ஐந்தரை. அம்மாவுக்கு விசா இன்னும் வரவில்லை. அழாமல் பேச இரண்டு பேரும் ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

மருத்துவச்சி பிரிவில் சிஸ்டர் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கருப்பை வாய் எவ்வளவு திறக்கிறது, தலை எவ்வளவு இறங்குகிறது, துடிப்பு எத்தனை என்று எல்லாம் அதில். அந்தத் தாளில் எச்சரிக்கைக் கோடு ஒன்று, அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி நடவடிக்கைக் கோடு ஒன்று. 1972இல் அன்றைய ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், ஃபில்பாட், காஸில் என்ற இரண்டு டாக்டர்கள் உருவாக்கியது. அந்த ஃபில்பாட் பிறகு டர்பனில் பேராசிரியராக இருந்தார் என்று சிஸ்டர் பெருமையாகச் சொன்னார். தூரத்துக் கிளினிக்கில் தனியாக இருக்கும் மருத்துவச்சிக்கு எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டுவதற்காக வந்த கோடுகள் அவை. என் புள்ளிகள் எச்சரிக்கைக் கோட்டுக்கு இடப்பக்கமே ஏறின.

நான் படுக்கவே இல்லை. கட்டிலைப் பிடித்துக் குனிந்து இடுப்பை ஆட்டினேன், ஒவ்வொரு வலிக்கும் கணவர் உள்ளங்கையால் அடிமுதுகை அழுத்தினார். அவ்வப்போது இரண்டு வாய் தண்ணீர், மணிக்கொரு தடவை சிறுநீர் கழிக்க நடை. முக்கத் தோன்றும் வரை முக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தலை தெரிந்ததும் சிஸ்டர் வெந்நீரில் நனைத்த துணியை அடியில் வைத்துத் தாங்கிக்கொண்டு, முக்காதே, பெஃபுமுலா, பெஃபுமுலா என்றார். மூச்சு விடு என்று அர்த்தம். வாயைத் திறந்து ஹா ஹா என்று விட்டேன். நான்கு ஐம்பதுக்குப் பிறந்தாள். தையல் போடத் தேவைப்படவில்லை.

குழந்தை வந்ததும் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட்டார். இயற்கைப் பிரசவம் என்று சொல்லி இந்த ஊசியை மறுக்காதீர்கள். பிள்ளை பெற்ற பின் போகும் ரத்தம்தான் தாய்களைக் கொல்லும் பெரிய காரணங்களில் ஒன்று. கொடியில் துடிப்பு அடங்கும் வரை வெட்டாமல் வைத்திருந்தார், ஒன்றிரண்டு நிமிடம் போதும், அதில் குழந்தைக்கு இரும்புச்சத்து கூடும். நஞ்சு விழுந்ததும் அதைத் தட்டில் விரித்து, முழுதாக வந்துவிட்டதா என்று புரட்டிப் பார்த்தார். குழந்தை அந்த நேரம் முழுக்க என் நெஞ்சில் வெற்றுடம்போடு கிடந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாள். சேனையோ தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வேண்டாம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்.

பத்தியத்துக்கு, டர்பனில் இந்தியர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயா வந்தார். கரும்புத் தோட்டத்து லைனில் பிறந்த குடும்பம், பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசுவார். பூண்டும் சுக்கும் மிளகும் இடித்துப் போட்டு ரசம் வைத்தார். அது நல்லது, சாப்பிடுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை. பால் ஊறத் தண்ணீர் வேண்டும்.

அடுத்த பத்து நாளில் சிஸ்டர் மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். என் வயிற்றை அழுத்தி கருப்பை சுருங்குகிறதா, ரத்தம் எவ்வளவு போகிறது, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மஞ்சள் படிந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெரிய நாப்கின் முழுதாக நனைந்தாலும், ரத்தத்தில் துர்நாற்றம் வந்தாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கூப்பிடு என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். 30 நாளுக்குள் ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா, பிரசவம் பார்த்தவர் தரும் பிறப்பு அறிவிப்பு எல்லாவற்றையும் பிரசவப் பையிலேயே தனி உறையில் போட்டு வையுங்கள்.