கோப்பையின் பெயரை விற்காமல் ஸ்பான்சர் பிடிப்பது எப்படி

பெங்களூரில் அல்சூர் பக்கம் கௌதம்புரம் என்றால் ஃபுட்பால்தான். பெலேவுக்கே சிலை வைத்த ஏரியா. மறைந்த எங்கள் கோச் பெயரில் நடக்கும் ஃபைவ்ஸ் (அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஃபுட்பால்) போட்டிக்கு நான்தான் பணம் சேர்ப்பவன். ஒரு வருடம் அலையச் சோம்பேறித்தனப்பட்டு, மொத்தச் செலவையும் ஒரு வீடு கட்டும் கம்பெனியிடம் வாங்கிவிட்டேன். பேனரில் அவர்கள் பெயர் ஆள் உயரம், கோச் பெயர் ஓரத்தில். "அண்ணா, இது அபார்ட்மென்ட் கப்பா?" என்று ஒரு பொடியன் கேட்டான். கோச்சின் மனைவி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

சரி, நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ளாதீர்கள். முதலில் செலவைப் பிரித்து எழுதுங்கள்: ரெஃப்ரி, மைதான வாடகை, சுண்ணாம்புக் கோடு, பந்து, ஐஸ், தண்ணீர் கேன், சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். எங்களுக்கு மெஸ்காரர் எலுமிச்சை சாதம் தருகிறார், அடகுக்கடைக்காரர் மெடல் தருகிறார். கால் தேயும்தான். ஆனால் தண்ணீர் கேன் கொடுத்தவர் கோப்பைக்குத் தன் பெயரை வைக்கச் சொல்ல மாட்டார்.

பெரிய கம்பெனி வந்தே தீரும் என்றால் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். 'வழங்கும்' என்று முன்னால் அவர்கள் பெயர் வரலாம், கோச் பெயரில் பாதி அளவு எழுத்தில். ஒரு வருடத்துக்கு மட்டும். ஜெர்சி முதுகைக் கொடுங்கள். சுழற்கோப்பையில் ஒரு எழுத்தும் பொறிக்க விடாதீர்கள். ஐபிஎல் என்ற பெயருக்கு முன்னால் டிஎல்எஃப், பெப்சி, விவோ, ட்ரீம்11, டாடா என்று எத்தனையோ வந்தாலும் ஐபிஎல் ஐபிஎல்லாகவே இருக்கிறது. (நம் ஊர் ஆர்சிபியின் பெயரே ஒரு விஸ்கி பிராண்டிலிருந்து வந்தது. அதற்காகத் தொண்டை கிழியக் கத்தியவன்தான் நானும்.)

கம்பெனி மேனேஜர் முறைத்தால் இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் நியூகாசிலின் கதையைச் சொல்லுங்கள். 2011-ல் அந்த கிளப்பின் முதலாளி, செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்துக்குத் தன் கடைப் பெயரில் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா என்று வைத்தார். ரசிகர்கள் கொதித்தார்கள். மறு வருடம் வோங்கா என்ற கடன் கம்பெனி பெயர் உரிமையை வாங்கி, பழைய பெயரையே திருப்பி வைத்தது. எங்கள் மேனேஜர் இதைக் கேட்டுத்தான் இறங்கி வந்தார்.

மைக் பிடிப்பவருக்குப் போட்டியின் முழுப் பெயரை அட்டையில் எழுதிக் கொடுங்கள். கோல் விழுந்த வேகத்தில் அவர் வாயில் ஸ்பான்சர் பெயர்தான் முதலில் வரும்.

அப்புறம் பரிசளிப்பு. ஸ்பான்சருக்குச் சால்வை, ரன்னர்ஸ் கப் கொடுக்கும் மரியாதை. வின்னர் கப் கோச்சின் மனைவி கையால். அதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மேடையில் வைத்துச் சொன்னால் எல்லோருக்கும் சங்கடம்.