ஆமணக்கு புண்ணாக்கும் நாய் தொல்லையும் – என் அனுபவம்
கோத்தகிரில நம்ம பூண்டு தோட்டத்துக்கு ஆமணக்கு புண்ணாக்குதான் அடியுரம், ஆனா அதுல ரைசின்னு ஒரு விஷப்புரதம் இருக்கு, வாசத்துக்கு நாய் தோண்டித் தின்னா வாந்தி, ரத்தபேதி, ஆளையே காலி பண்ணிடும். வேலி போட்டும் சரிப்படல.

அப்புறம் மாஸ்க் மாட்டிக்கிட்டு (தூசி மூக்குல ஏறவே கூடாது) புண்ணாக்கை வைக்கோலோட கலந்து, பிழிஞ்சா சொட்டு சொட்டா மட்டும் வர்ற ஈரத்துல நல்லா ஆவில வேகவச்சு, ஆறினதும் சிப்பிக்காளான் வித்து தூவி பையில கட்டினேன். சூட்டுலயே ரைசின் கெட ஆரம்பிச்சிடும், மிச்சத்தை பூஞ்சை நொதி விட்டு உடைக்கும். நம்ம ஊர் குளிருக்கு வித்து படுத்துக்கும், அதனால ஷெட்டுல குண்டு பல்பு. வெள்ளையா பஞ்சு கணக்கா படர்ந்ததும் அந்த வாசமே இல்ல, இப்ப அதையே அடியுரமா போட்டா நாய் எட்டிக்கூட பாக்கறதில்ல.

இந்தப் புண்ணாக்கை மாட்டுக்குத் தீவனமா மட்டும் வைக்காதீங்க, விஷம் முழுசா போயிடுச்சான்னு லேப் டெஸ்ட் பண்ணாம நம்ப முடியாது. அதுல மொளைக்கிற காளானும் வேணாம்.