டிஸ்க் டிஃப்யூஷன் சோதனை: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

ஒரு பாக்டீரியா எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று பார்க்க எளிமையான வழி டிஸ்க் டிஃப்யூஷன். மருந்து ஏற்றிய 6 மி.மீ. காகித வட்டை பாக்டீரியா பூசிய அகார் (ஜெல்லி போன்ற வளர்ப்புத் தளம்) மேல் வைக்கிறோம். மருந்து சுற்றிலும் பரவுகிறது. பாக்டீரியா வளராமல் தெளிவாக நிற்கும் வட்டம்தான் ஸோன். அதன் விட்டத்தை அளந்தால் பதில் கிடைக்கும்.

கேட்க சுலபம். ஆனால் அந்த மி.மீ. கணக்குக்கு அர்த்தம் வருவது, எல்லோரும் ஒரே மாதிரி செய்தால் மட்டுமே. பௌவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகிய நால்வரும் 1966-இல் வெளியிட்ட கட்டுரை அந்த ஒழுங்கைத்தான் கொண்டுவந்தது. கிர்பி-பௌவர் முறை என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

ஆட்டோகிளேவ், பர்னர் பக்கத்தில் வேலை செய்வது, ஸ்ட்ரீக் போடுவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். பழக ஈ. கோலை ஏடிசிசி 25922 என்ற தரப்படுத்திய பாக்டீரியா ரகம் போதும். வீட்டில் செய்து பார்க்கும் விஷயம் அல்ல இது. பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகத்தில், அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

படி 1: பிளேட்

முல்லர்-ஹின்டன் அகார்தான் வேண்டும். கையில் இருக்கும் நியூட்ரியன்ட் அகாரை வைத்துச் சமாளிக்க வேண்டாம், ஸோன் அளவை ஒப்பிடும் அட்டவணை எண்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது. அகார் 4 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். 90 மி.மீ. பிளேட்டுக்குச் சுமார் 25 மி.லி. ஊற்றினால் சரியாக வரும். உயரம் கூடினால் மருந்து கீழ்நோக்கியும் பரவி ஸோன் சுருங்கும். மட்டமான மேசையில் ஊற்றுங்கள். பூசும் முன் அகார் மேல் நீர்த்துளி இருக்கக் கூடாது.

படி 2: கலங்கல் (இங்கே அவசரப்படாதீர்கள்)

எனக்கு வெகுநாள் பிடிபடாத படி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முந்தைய நாள் வளர்த்த பிளேட்டில் ஒரே மாதிரி இருக்கும் மூன்று முதல் ஐந்து காலனிகளைத் தொட்டு, மலட்டு உப்புநீரில் கலக்குங்கள். அந்தக் கலங்கல், கலங்கலின் அடர்த்தியைக் குறிக்கும் மெக்ஃபார்லண்ட் அளவுகோலில் 0.5-க்கு ஒத்துப்போக வேண்டும். அதாவது ஒரு மி.லி.யில் ஏறக்குறைய 15 கோடி பாக்டீரியா.

இந்த எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? அகாரில் ஒரு போட்டி நடக்கிறது. மருந்து வெளியே பரவிக்கொண்டிருக்க, பாக்டீரியா பெருகிக்கொண்டிருக்கிறது. மருந்து போதிய செறிவில் வந்து சேரும் முன்பே பாக்டீரியா கூட்டமாகிவிட்ட இடத்தில் ஸோனின் விளிம்பு நின்றுவிடும். கலங்கல் அடர்த்தியாக இருந்தால் பாக்டீரியா முந்திக்கொள்ளும், ஸோன் சிறுக்கும், வேலை செய்யக்கூடிய மருந்தையும் பயனில்லை என்று ஒதுக்கிவிடுவோம். நீர்த்திருந்தால் ஸோன் பெருத்துவிடும். இரண்டில் இதுதான் ஆபத்து. எதிர்த்து நிற்கும் பாக்டீரியாவை அடங்கும் என்று எழுதிக்கொடுத்தால், பலிக்காத மருந்து நோயாளிக்குப் போகும்.

ஒப்பிடும் குழாயை நீங்களே தயாரிக்கலாம். 1% கந்தக அமிலம் 9.95 மி.லி., 1.175% பேரியம் குளோரைடு டைஹைட்ரேட் கரைசல் 0.05 மி.லி. கலந்தால், பேரியம் சல்ஃபேட் மிதந்து கலங்கலாகும். இறுக மூடி இருட்டில் வையுங்கள். நின்றுகொண்டே இருந்தால் வெள்ளைப்பொடி அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் வோர்டெக்ஸில் நன்றாகக் கலக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். கடையில் வாங்கும் லேடெக்ஸ் வகையை மட்டும் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், வோர்டெக்ஸ் கூடாது.

இரண்டு குழாய்களையும் கறுப்புக் கோடுகள் போட்ட வெள்ளை அட்டை முன் பிடியுங்கள். இரண்டின் பின்னாலும் கோடுகள் ஒரே அளவு மங்கித் தெரிந்தால் சரி. குழாய்களின் விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் ஏமாறும். ஆனால் என்னைக் கேட்டால், கலங்கலை அளந்து எண்ணாகக் காட்டும் டென்சிடோமீட்டர்தான். பட்ஜெட்டில் ஒரே ஒரு கருவிக்குத்தான் இடம் என்றால் அதையே வாங்குவேன்.

படி 3: பூசுவது

கலங்கல் தயாரான 15 நிமிடத்துக்குள் பூசுங்கள். ஸ்வாபை நனைத்து, குழாயின் உள்சுவரில் அழுத்திச் சுழற்றி, கூடுதல் ஈரத்தை எடுத்துவிடுங்கள். பிளேட் முழுவதும் நெருக்கமாக இழுத்து, 60 டிகிரி திருப்பி மறுபடி, இன்னொரு முறை திருப்பி மறுபடி. கடைசியில் ஓரத்தைச் சுற்றி ஒரு சுற்று.

படி 4: டிஸ்க் வைப்பது

டிஸ்க் டப்பா ஃபிரிட்ஜிலிருந்து வந்ததும் திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறங்கள், இல்லையென்றால் ஈரம் படிந்து மருந்து கெடும். பூசிய 15 நிமிடத்துக்குள் வைத்து, மெல்ல அழுத்திவிடுங்கள். தொட்ட நொடியே மருந்து பரவத் தொடங்கும். கோணலாக விழுந்தாலும் நகர்த்தாதீர்கள், வேறு இடத்தில் புது டிஸ்க் வையுங்கள். மையத்துக்கு மையம் குறைந்தது 24 மி.மீ. இடைவெளி வேண்டும்.

படி 5: இன்குபேட்டர்

அடுத்த 15 நிமிடத்துக்குள் கவிழ்த்து உள்ளே வையுங்கள். 35 டிகிரி செல்சியஸ், 16 முதல் 18 மணி நேரம்.

படி 6: அளப்பது

முதலில் வளர்ச்சியைப் பாருங்கள். புல்வெளி மாதிரி சீராக, ஸோன்கள் முழு வட்டமாக இருக்க வேண்டும். தனித்தனிக் காலனிகளாகத் தெரிந்தால் கலங்கல் நீர்த்துப்போய்விட்டது, மறுபடி செய்யுங்கள். கறுப்புப் பின்னணி மேல் பிடித்து, பிளேட்டின் அடிப்பக்கத்திலிருந்து, டிஸ்கையும் சேர்த்து விட்டத்தை அளக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலைவிட வெர்னியர் காலிப்பர் எவ்வளவோ மேல்.

பெரிய ஸோன் என்றால் வீரியமான மருந்து என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு மருந்தும் பரவும் வேகம் வேறு. ஒவ்வொன்றையும் அதனதன் அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். உதாரணமாக, ஈ. கோலைக்கு 10 மைக்ரோகிராம் ஆம்பிசிலின் டிஸ்கில் 15 மி.மீ. வந்தால், சிஎல்எஸ்ஐ (அமெரிக்கத் தர அமைப்பு) அட்டவணைப்படி அது நடுத்தரம் (14–16). யூகாஸ்ட் (ஐரோப்பிய அமைப்பு) அட்டவணைப்படி 14-ஐ எட்டினாலே மருந்துக்கு அடங்கும். ஒரே பிளேட், இரண்டு தீர்ப்பு! எல்லைகளை அவ்வப்போது மாற்றவும் செய்கிறார்கள். ஆகவே எந்த அட்டவணை, எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுதிவையுங்கள். அடங்கும், அடங்காது என்று மட்டும் குறிக்காமல் மி.மீ. அளவையும் சேர்த்தே எழுதுங்கள்.

இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்தது டி-டெஸ்ட். ஸ்டஃபைலோகாக்கஸ் பூசிய பிளேட்டில் எரித்ரோமைசின் டிஸ்கும் கிளிண்டாமைசின் டிஸ்கும் விளிம்புக்கு விளிம்பு 15 முதல் 26 மி.மீ. இடைவெளியில் வைக்கிறோம். சில வகைகளில் கிளிண்டாமைசின் ஸோன், எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில டி எழுத்து மாதிரி நிற்கும். எரித்ரோமைசின் பட்டதும் உள்ளே உறங்கிக்கிடந்த எதிர்ப்பு ஜீன் விழித்துக்கொண்டதன் அடையாளம் அது. கிளிண்டாமைசினைத் தனியாக வைத்திருந்தால் வட்டம் அழகாக இருந்திருக்கும், ஏமாந்திருப்போம்.

பிற்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டவற்றில் மூன்றை இங்கே சேர்க்கிறேன்.

ஸோனுக்குள் மெல்லிய படலம் தெரிகிறது என்றார் ஒருவர். பாக்டீரியா புரோட்டியஸ். அது ஊர்ந்து பரவும் ரகம். அந்தப் படலத்தை விட்டுவிட்டு, வெளியே தெளிவாகத் தெரியும் விளிம்பை அளங்கள்.

ஸோனுக்குள் தனிக் காலனிகள் வந்தால் அப்படி விட முடியாது. வேறு பாக்டீரியா கலந்திருக்கலாம், அல்லது எதிர்ப்புள்ள ஒரு பிரிவே வளர்ந்திருக்கலாம். தூய்மைப்படுத்தி, அடையாளம் உறுதிசெய்து, திரும்பச் செய்யுங்கள். மறுபடியும் வந்தால் அவற்றையும் வளர்ச்சியாகவே கணக்கிட வேண்டும்.

கொலிஸ்டினுக்கு டிஸ்க் போடலாமா என்று பலர் கேட்டார்கள். வேண்டாம். மூலக்கூறு பெரிது, அகாரில் சரியாகப் பரவாது, ஸோனை நம்ப முடியாது. அதற்கு பிராத் மைக்ரோடைல்யூஷன் (திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பது) முறையில் எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு, பார்ப்பதே சரி.