தெஹிவளை அறையில் ஒரு றொக் பேண்ட்: அம்ப் வாங்க முன் செய்யவேண்டியவை

ஏ.எல். சோதனை முடிந்த கையோடு ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தம்பி வந்து நிற்பான். "அண்ணா, நாங்கள் நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஒன்று தொடங்கப் போகிறோம், என்ன அம்ப் வாங்கலாம்?" அம்ப், அதாவது கிற்றார் ஒலியைப் பெருக்கும் பெட்டி, பிறகு வாங்கலாம், முதலில் நாலு பேரில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று கேட்பேன். முகம் சுருங்கிவிடும்.

நான் கேலிக்குக் கேட்பதில்லை. ஜிம்மி ஈட் வேர்ல்ட் என்று ஒரு அமெரிக்க பேண்ட், அவர்களுடைய கதை தெரிந்தால் இந்தக் கேள்வி ஏன் முதலில் வருகிறது என்று புரியும். அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் மேசா என்று ஒரு புறநகர், நமக்குத் தெஹிவளை, வத்தளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1993இல் அங்கே தொடங்கினார்கள். பெயர் வந்தது கிற்றார் வாசிக்கும் டொம் லின்டனின் தம்பிமாரால்: இரண்டு பேரும் சண்டை பிடிக்க, சின்னவன் கோபத்தில் கிரேயோனால் அண்ணன் ஜிம் உலக உருண்டையை வாய்க்குள் தள்ளுவதுபோல ஒரு படம் கீறி, கீழே "ஜிம்மி உலகத்தைத் தின்கிறான்" என்று எழுதிவைத்தான். அவ்வளவுதான் பெயர். ஆகவே பெயருக்காக வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதம் அடிபடாதீர்கள். தேடினால் வேறு யாரும் வராத பெயரா, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே விதமாக எழுதலாமா என்று மட்டும் பாருங்கள்.

1995இல் கெப்பிட்டல் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பனி அவர்களை எடுத்தது. 1996இல் ஒரு அல்பம், 1999இல் 'கிளாரிட்டி' என்று இன்னொன்று. இரண்டாவதில் ஒரு பாட்டை லொஸ் ஏஞ்சலிஸ் வானொலியில் போட்டார்கள்கூட. இருந்தும் விற்பனை போதவில்லை, கம்பனி கைவிட்டுவிட்டது. பெரும்பாலான பேண்டுகள் கலைகிற இடம் இதுதான். இவர்கள் கலையாமல் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். பாடகர் ஜிம் அட்கின்ஸ் (படத்தில் இருந்த ஜிம் இல்லை) ஓவியச் சாமான் விற்றார், ட்றம்ஸ்காரர் கார் விற்பனை நிலையத்தில் நின்றார். ஐரோப்பாவுக்குத் தாங்களாகவே போய் வாசித்தார்கள், 2000இல் சில்லறையாகக் கிடந்த பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு விட்டார்கள், அந்தக் காசையும் சேர்த்துக்கொண்டு எந்தக் கம்பனியும் இல்லாமலே அடுத்த அல்பத்தைப் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் மார்க் ட்ரொம்பினோ தன் சம்பளத்தைப் பிறகு தாருங்கள் என்று விட்டுக்கொடுத்தார். வேலை முடிந்து கையில் பாட்டு இருந்த பிறகுதான் ட்றீம்வேர்க்ஸ் கம்பனி உள்ளே வந்தது. 2001 ஜூலையில் வந்த அந்த அல்பத்தின் ஒரு பாட்டு, 'த மிடில்', அடுத்த வருடம் அமெரிக்காவின் முன்னணிப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் 5ஆம் இடத்துக்குப் போனது. அல்பம் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டியது.

இதில் நான் பார்ப்பது வரிசையை. பாட்டு, காசு, பதிவு, அதற்குப் பிறகு கம்பனி. நம்முடைய ஆட்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, யாராவது வந்து தூக்கிவிடுவார் என்று காத்திருக்கிறார்கள்.

சரி, இனி வேலைக்கு வருவோம். நாலு பேரும் மாதம் ஆளுக்கு ஒரு தொகை, மூவாயிரமோ ஐயாயிரமோ, சம்பள நாளிலேயே ஒரு பொதுக் கணக்கில் போடுங்கள். கணக்குப் பார்ப்பவர் பாடகராக இருக்கவேண்டாம், ஏன் என்று கேட்காதீர்கள். முதல் மாதமே ஒரு கொப்பித் தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்து வையுங்கள்: பாட்டை எழுதியவருக்கு என்ன பங்கு, விலகிப்போகிறவருக்கு என்ன கிடைக்கும், பொதுக் காசில் வாங்கிய சாமான் யாருடையது. எங்களுடைய முதல் பேண்ட் உடைந்தது இசையால் இல்லை, ஒரு டிஸ்டோர்ஷன் பெடலால், கிற்றார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி அது. பொதுக் காசில் வாங்கியது, கிற்றார்காரன் கனடாவுக்குப் போகும்போது பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். பதினைந்து வருடமாகிறது, இன்னும் அவனுடைய பிறந்தநாளுக்கு நான் ஒரு பெடல் படம்தான் அனுப்புகிறேன்.

பயிற்சி அறை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வீட்டில் வாசிப்பது சரிவராது, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் அறையைப் பிடியுங்கள். தனி வீடு இருந்தால் ஒரு விஷயம்: சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுவதை விடுங்கள். அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, வெளியே போகிற சத்தத்தை அது நிறுத்தாது. சத்தத்தை நிறுத்துவது பாரமும் அடைப்பும். யன்னல் இடுக்கை ரப்பர் வைத்து அடையுங்கள், பழைய பஞ்சு மெத்தையைக் கதவோடு சாத்துங்கள், ஸ்நேர் ட்றம்மில் ஒரு துவாயை மடித்துப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டு அன்ரியிடம் முதல் நாளே நேரில் போய், "அன்ரி, சனிக்கிழமை நாலிலிருந்து ஆறு வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, அந்த ஆறு மணியை ஆறு மணியாகவே வைத்திருங்கள். 6.05க்கு ஒரு தடவை ட்றம்ஸ் கேட்டால் அடுத்த சனி முதல் உங்களுக்கு அறை இல்லை.

கரண்ட் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். டொரொன்டோ மாமா ஆசையாக ஒரு அம்ப் கொண்டுவந்து தருவார். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சுவரில் குத்துவதற்கு முன் அம்ப்பின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டை டோர்ச் அடித்துப் படியுங்கள். "100–240" என்று இருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். "120" என்று மட்டும் இருந்தால் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்டவுண் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அதுவும் அம்ப் கேட்கும் வோட்டைவிடக் கூடியதாக வாங்குங்கள். எங்கள் வீட்டில் ஒரு அம்ப் இரண்டு செக்கன்தான் உயிரோடு இருந்தது. சத்தமே இல்லை, ஒரு நீல வெளிச்சம், பிறகு கருகிய ரப்பர் மணம், பிறகு அம்மா குசினியிலிருந்து "என்னடா தீயுது?"

கடற்காற்றும் உண்டு. காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் குடியிருந்தால் கிற்றார் தந்தி சில வாரங்களிலேயே கறுத்துவிடும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பக்கெட்டுகளோடு பெட்டியில் பூட்டி வையுங்கள்.

இனி பாட்டு. இங்கேதான் தமிழ் பேண்டுகள் அதிகம் சறுக்குகின்றன, இதற்கு அமெரிக்காக்காரர்களிடமும் பதில் இல்லை. றொக் மெட்டு நீட்டச் சொல்லும், தமிழில் நீட்டினால் சொல்லே மாறிவிடும். "மலை" என்று பாட நினைத்து ம-வை இரண்டு தாளம் இழுத்தால் அது "மாலை", கேட்பவர் பூமாலையைத் தேடுவார். பல் பாலாகும், கல் காலாகும். அதனால் மெட்டு வந்த பிறகு சொல்லைத் திணிக்காமல், நீளமான சுரம் விழும் இடத்தை முதலில் குறித்துக்கொண்டு அந்த இடத்துக்கு நெடில் தேடுங்கள்: வா, போ, நீ, தீ, ஊர், வானம். சொல்லின் கடைசி மெய்யை இழுப்பதும் தப்பில்லை, "வரும்" என்பதில் ரு-வை இழுக்காமல் ம்-இல் முணுமுணுத்து நின்றால் அழகாகவே இருக்கும். இன்னொன்று, டிஸ்டோர்ஷன் போட்ட கிற்றாரும் வல்லின மெய்யும் ஒரே இடத்தில் மோதினால் க, ச, ட எல்லாம் மண்ணாகிவிடும், பாடகர் கத்தத் தொடங்குவார். கத்துவதற்குப் பதிலாக, வரி தொடங்கும் இடத்தில் கிற்றாரை ஒரு அரைத் தாளம் நிறுத்திப் பாருங்கள். பல சுரங்களை ஒன்றாக அடிக்கும் முழு கோர்டுக்குப் பதில் மூல சுரமும் பஞ்சமமும் மட்டும் அடித்தாலும் தெளியும், பவர் கோர்ட் என்பது அதுதான்.

ஒரு சோதனை சொல்கிறேன். பாட்டை போனில் பதிவு செய்து, வரிகளைத் தெரியாத ஒருவரிடம், உங்கள் அப்பாவிடமே, போட்டுக் காட்டி, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். நான் "கடல் எரியும்" என்று எழுதிய ஒரு வரியை அப்பா "கடலை பொரியும்" என்று எழுதித் தந்தார். அந்தப் பாட்டை அன்றைக்கே மாற்றினோம்.

பதிவுக்குப் போகும்போது பத்துப் பாட்டோடு போகாதீர்கள், மூன்று போதும். தாளம் தட்டிக்கொடுக்கும் மெட்ரோனோம் கிளிக்கோடு வீட்டில் வாசித்துப் பழகிவிட்டு, ஸ்டூடியோவில் ட்றம்ஸை மட்டும் எடுங்கள். கிற்றாரும் குரலும் கிற்றாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் ஒரு யூஎஸ்பி ஓடியோ இன்டர்பேஸ் இருந்தால் அறையிலேயே எடுக்கலாம், விசிறியை நிறுத்திவிட்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டு. ஸ்டூடியோவை விட்டு வெளிக்கிடும்போது கலவை செய்த பாட்டு மட்டும் போதாது, ஒவ்வொரு வாத்தியமும் குரலும் பதிந்த தனித்தனி ட்ராக்குகள் முழுவதையும் உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டுதான் மீதிக் காசைக் கொடுக்கவேண்டும். ஒரு இடத்தில் "அடுத்த கிழமை வந்து எடுங்கோ தம்பி" என்றார்கள். அடுத்த கிழமை போனால் கதவில் பூட்டு. எங்களுடைய ஆறு மாதம் அதற்குள்ளே இருக்கிறது.

பாட்டின் உரிமை எழுதிய கணத்திலேயே உங்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிவு எதுவும் தேவையில்லை, எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் செல்லும். அதனால் யாராவது "ரிலீஸ் பண்ணித் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்து" என்று தாள் நீட்டினால், வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படியுங்கள். இணைய விநியோகச் சேவைகள் வழியாக நீங்களே ஏற்றலாம், ஆனால் பணம் எந்தக் கணக்குக்கு எப்படி வந்துசேரும் என்பதை ஏற்றுவதற்கு முன்னமே பார்த்துவையுங்கள். இணையவழிப் பணச் சேவையான பேபாலில் காசு பெறுவது நம் நாட்டில் நெடுங்காலத் தலையிடி.

மேடைக்கு வந்தால், கொழும்பில் றொக் கேட்க ஆள் இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், ஸ்டிக்மாட்டா போன்ற மெட்டல் பேண்டுகள் வருடக்கணக்காக இங்கேதான் ஓடுகின்றன. தமிழில் கேட்க ஆள் சேர்ப்பதுதான் வேலை. ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்துப் பொப் பாடல் ஒன்றை டிஸ்டோர்ஷனில் போட்டு நடுவில் வையுங்கள், மாமிமார்கூட எழும்புவார்கள், அந்தச் சூட்டிலேயே உங்கள் சொந்தப் பாட்டைத் தொடங்கிவிடுங்கள். கல்யாண வீட்டு வாசிப்புக்கு வெட்கப்படாதீர்கள், அடுத்த பதிவுக்கான காசு அங்கேதான் இருக்கிறது. பிறகு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு: வருடம் இரண்டு தடவையாவது ரயிலேறிப் போய் வாசியுங்கள். கொழும்பில் வாசித்தால் வருவது உங்கள் வகுப்புத் தோழர்கள், அங்கே வருகிறவர் கேட்கத்தான் வருகிறார்.

வாசிக்கப் போகும் நாளில் பையில் இருக்கவேண்டியவை: இரண்டு செட் தந்தி, அம்ப்புக்கு மாற்று பியூஸ், பெடலுக்கு 9 வோல்ட் அடப்டர் ஒன்று கூடுதலாக, உருண்டை முள்ளுக்கும் சதுர முள்ளுக்கும் மாற்றும் பிளக், கறுப்பு டேப், கண்ணாடிப் போத்தலில் இல்லாத தண்ணீர். மண்டபத்துக்கு ஜெனரேட்டர் இருந்தால் அது மாறும் நேரத்தில் அம்ப்பை அணைத்துவையுங்கள். இரவு 10க்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு 2007 முதல் உயர் நீதிமன்றக் கட்டுப்பாடு இருக்கிறது, பொலிஸ் வருவது உங்கள் கடைசிப் பாட்டின் நடுவில்தான். எனவே 9.40க்குக் கடைசிப் பாட்டைத் தொடங்கி, 9.50க்கு வயர் சுற்றுங்கள். ட்றம்ஸ்காரனைத் தனியாகச் சாமான் தூக்கவிடாதீர்கள், ஓட்டோ ஒன்றுக்குள் பேஸ் ட்றம்மும் ஆளும் சேர்ந்து போகாது, இரண்டு ஓட்டோ பிடியுங்கள்.