வார்டு பிபி அப்பாரடஸ் சரியில்லையா? நோயாளியின் கையில் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

நர்சிங் இரண்டாம் ஆண்டு, மெடிக்கல் வார்டு போஸ்டிங். காலையில் எட்டு பேருக்கு பிபி பார்த்து எழுதிவிட்டேன். எட்டாவது கட்டில் தாத்தா, "நேத்து ராத்திரி இவ்ளோ இல்லையேம்மா" என்றார். அப்போதுதான் டயலைக் கவனித்தேன். கையில் சுற்றும் கஃப்பில் துளிக் காற்று இல்லை, ஆனால் முள் 12-இல் நிற்கிறது. நான் எழுதியதை வைத்துத்தான் ரவுண்ட்ஸில் மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். எட்டு பேருக்கும் வேறு அப்பாரடஸில் திரும்பப் பார்த்து முடிக்கும்வரை எனக்குக் கை நடுங்கியது. அன்றிலிருந்து டியூட்டி ஆரம்பத்திலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கிவிடுகிறேன்.

பிபி பார்க்கும் முறை உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். இது டயல் வைத்த அனிராய்டு வகைக்கு.

1. முள்

வால்வைத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். "12 கழித்து எழுதிக்கலாமே" என்று தோன்றும். வேண்டாம். அடியில் 12 தள்ளி நிற்கும் முள் 160-இலும் அதே 12தான் தள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பூஜ்யத்தில் நிற்பதாலேயே மீட்டர் சரி என்றும் ஆகாது. சந்தேகம் இருந்தால் தோழியின் கையில் இரண்டு அப்பாரடஸையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பாருங்கள்.

2. கஃப்

உள்ளே இருக்கும் ரப்பர் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். பெரிய கையில் சின்ன கஃப் கட்டினால் பிபி இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். வெல்க்ரோ பிடிக்காமல் பிரிந்தால் அந்த கஃப்பை ஓரமாக வைத்துவிடுங்கள். பிளாஸ்டர் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

3. காற்று இறங்குகிறதா?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கஃப்பை ஏதாவது ஒன்றைச் சுற்றிக் கட்டி, வால்வை மூடி, 200 வரை ஏற்றி, முள்ளைப் பார்க்க வேண்டும். நான் கையில் கிடைத்த காலி சலைன் பாட்டிலில் கட்டினேன். முள் இறங்கிக்கொண்டே வந்தது. லீக் என்று போய்ச் சொன்னேன். சிஸ்டர் கட்டிப் பார்த்தால் லீக்கே இல்லை! சலைன் பாட்டில் மெத்தென்ற பிளாஸ்டிக். அழுத்தத்தில் அதுதான் நசுங்கியிருக்கிறது. நசுங்காத ஸ்டீல் வாட்டர் பாட்டிலில் கட்டுங்கள்.

இன்னொன்று, ஏற்றியவுடன் முள் கொஞ்சம் இறங்கும். கஃப் படிந்து அடங்குவதால் வருவது அது. ஒரு நிமிடம் விட்டுவிட்டு, அடுத்த ஒரு நிமிடத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ தர அளவுப்படி நிமிடத்துக்கு 4 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது.

லீக் ஏன் இவ்வளவு முக்கியம்? நாம் நொடிக்கு 2, 3 மி.மீ. என்று நிதானமாக இறக்க வேண்டும். லீக் உள்ள கஃப் தன்னால் வேகமாக இறங்கும். முதல் சத்தத்தைத் தவறவிட்டு மேல் அளவைக் குறைத்தும், கடைசிச் சத்தம் எங்கே நின்றது என்று பிடிபடாமல் கீழ் அளவைக் கூட்டியும் எழுதிவிடுவோம்.

4. எங்கே லீக்?

இரண்டு டியூப் உள்ள கஃப் என்றால், காற்றை ஏற்றிவிட்டு, அழுத்திக் காற்றடிக்கும் பல்புக்குப் போகும் டியூபை கஃப்புக்குப் பக்கத்தில் மடக்கிப் பிடியுங்கள். முள் நின்றுவிட்டால் கோளாறு பல்பிலோ வால்விலோ. அப்போதும் இறங்கினால் ரப்பர் பையிலோ மீட்டர் பக்க இணைப்பிலோ. தளர்ந்த இணைப்பை அழுத்திச் செருகுவது, நல்ல பல்பு இருந்தால் சிஸ்டரைக் கேட்டு மாற்றுவது, இவ்வளவுதான் மாணவர் வேலை. மீட்டரைத் திறக்காதீர்கள்.

5. சொல்வது

"சிஸ்டர், பிபி பார்க்க முடியலை" என்றால் நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைப்பார்கள். "சிஸ்டர், இதுல காத்து இறங்குது, ஒரு நிமிஷத்துல 200-ல இருந்து 160-க்கு வருது, வேற ஒண்ணு குடுங்க சிஸ்டர்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே எழுந்து வருவார்கள். கெட்டதில் மைக்ரோபோர் டேப் ஒட்டி, "லீக்", தேதி எழுதி, ரிப்பேர் நோட்டில் பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மதிய டியூட்டி மாணவி அதையே எடுத்துக் கட்டுவாள்.

வேறு அப்பாரடஸ் கிடைக்கத் தாமதமானால் சார்ட்டில் பிபி கட்டத்தைக் காலியாக விட்டு, சிஸ்டரிடம் சொல்லுங்கள். நேற்றைய எண்ணைப் பார்த்து 120/80 போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நோயாளிக்குத் தலைசுற்றல், வியர்வை என்று இருந்தால் இந்தச் சோதனை எதுவும் கிடையாது. நாடியில் கை வைத்துக்கொண்டே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

சொந்தமாக வாங்குவதானால் மீட்டரும் பல்பும் தனித்தனியாக உள்ள இரண்டு டியூப் வகையையே வாங்குங்கள். கோளாறைக் கண்டுபிடிப்பது அதில்தான் சுலபம். படிக்கும் காலத்தில் டிஜிட்டல் வேண்டாம், காது பழகாது.

பின்சேர்க்கை: மீட்டரும் பல்பும் ஒன்றாக உள்ள ஒற்றை டியூப் வகையில் நான்காம் படி குழப்புகிறது என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அதில் விடை தலைகீழ். டியூபை மடக்கியதும் முள் நின்றால் லீக் கஃப் பக்கம். இறங்கிக்கொண்டே இருந்தால் பல்பு, மீட்டர் பக்கம்.

இன்னொரு பின்சேர்க்கை: "நீதான் உடைச்சே" என்று பணம் கட்டச் சொன்னார்களாம் ஒருவரை. படிக்கும்போது எனக்கே வயிறு எரிந்தது. அதனால்தான் டியூட்டி ஆரம்பத்திலேயே, முதல் நோயாளிக்கு முன்னால், சோதிக்கச் சொல்கிறேன். எடுக்கும்போதே இப்படி இருந்தது என்று நேரத்தோடு நோட்டில் ஏறிவிடும்.