புக்மார்க் மட்டும் போதவில்லை

1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சி பற்றி எங்கே கட்டுரை கண்டாலும் புக்மார்க் போட்டுவிடுவேன். கோட்டைப் பக்கம் குடியிருப்பதால் வந்த ஆசை. ஒருநாள் காட்பாடியில் ரயிலேறி, நிதானமாகப் படிக்கலாம் என்று திறந்தால் பாதி லிங்க்குகளில் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை. புக்மார்க் வைத்திருப்பது முகவரியை மட்டும்தானே, வீட்டையே இடித்துவிட்டால் அது என்ன செய்யும்?

தொலைந்தவற்றை வேபேக் மெஷினில் தேடினேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட இணையக் கிடங்கு அது. பழைய முகவரியை அப்படியே ஒட்டினால், அந்தப் பக்கம் எந்தெந்தத் தேதியில் பதிவானது என்று காலண்டரில் காட்டும். சில கிடைத்தன, படங்கள்தான் வரவில்லை.

அப்புறம் பயர்பாக்ஸ் பிரவுசரில் சிங்கிள்ஃபைல் என்ற நீட்சியை, அதாவது கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருளைப் போட்டேன். ஐகானை அழுத்தினால் எழுத்து, படம், வடிவமைப்பு எல்லாம் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறங்கிவிடும். நெட் இல்லாமலே திறக்கலாம். நீளமான பக்கம் என்றால் முதலில் கடைசி வரை ஸ்க்ரோல் செய்துவிடுவேன். தாமதமாக லோடாகும் படங்கள் அப்போதுதான் விட்டுப்போகாது. பிடிஎஃப் எடுத்தும் பார்த்தேன். போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது, எனக்கு ஒத்துவரவில்லை. கோப்புகளெல்லாம் இப்போது ஒரே ஃபோல்டரில், பென்டிரைவில் ஒரு நகலோடு.